வானத்துப் புறம்போக்கு

ஏழை அரை சென்ட் புறம்போக்கில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. கோடீஸ்வரன் வானத்தில் ஒரு மலையையே வளைக்கப் பார்த்தால் அதற்குப் பெயர் தொலைநோக்கு.

விண்வெளி மனித குலத்துக்கே பொது, எந்த நாடும் அங்கே உரிமை கொண்டாடக் கூடாது என்று 1967-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கடப்பாரையோடு அங்கே போக அன்று யாருக்கும் வழியில்லை. தாராள மனசு காட்ட அதைவிட நல்ல நேரம் ஏது? 2015-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. சிறுகோள் யாருக்கும் சொந்தமில்லையாம். அதிலிருந்து வெட்டி எடுத்தது மட்டும் வெட்டியவனுக்குச் சொந்தமாம். ஆறு ஊருக்குப் பொது, மணல் லாரிக்காரனுக்கு! 2017-ல் லக்சம்பர்க்கும் அதே வழியில் ஒரு சட்டம் போட்டது. நம் மாவட்டம் ஒன்றின் அளவுகூடத் தேறாத நாடு. ஆசை மட்டும் அண்டத்தின் அளவு.

2012 ஏப்ரலில் 'பிளானட்டரி ரிசோர்சஸ்' என்ற கம்பெனி, சிறுகோள்களில் தண்ணீரும் பிளாட்டினமும் எடுக்கப் போவதாக அறிவித்தது. கூகுளின் லாரி பேஜும் எரிக் ஷ்மிட்டும் பணம் போட்டார்கள். ஆலோசகர், 'டைட்டானிக்' எடுத்த ஜேம்ஸ் கேமரூன். மூழ்கும் கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? லக்சம்பர்க் அரசும் மக்கள் வரிப்பணத்தில் 1.2 கோடி யூரோவைக் கொட்டியது. 2018-ல் ஒரு பிளாக்செயின் நிறுவனம் கம்பெனியை வாங்கிப் போட்டுக்கொண்டது. ஒரு கூழாங்கல்கூட வந்து சேரவில்லை. அரசு போட்ட பணம் போனது போனதுதான்.

விஞ்ஞானிகள் மேல் எனக்குக் கோபமில்லை. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2016-ல் கிளம்பி, பென்னு என்ற சிறுகோளிலிருந்து அள்ளிய மண்ணை 2023 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. எடை 121.6 கிராம்; நம் வீட்டுக் கணக்கில் 15 பவுன் சொச்சம். செலவு 100 கோடி டாலருக்கு மேல். மண் இருந்த கலத்தின் மூடியில் 35 திருகுகள்; அவற்றில் இரண்டு அசையவே மாட்டேன் என்றன. அதற்கென்று புதுக் கருவி செய்து, 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். அந்த மண்ணில் அமினோ அமிலங்கள் இருந்தன. உயிர் எப்படித் தொடங்கியது என்று தேடுகிறவர்களுக்கு அந்த 15 பவுன் போதும். டன் கணக்கில் அள்ளி விற்கப் புறப்பட்டவன், முதலில் அந்த இரண்டு திருகுக்கு வழி சொல்லட்டும்.

சைக்கி என்றொரு சிறுகோள். அதன் உலோகத்துக்கு விலை போட்டு, 1-க்குப் பின்னால் 19 சுழியம் போட்ட டாலர் என்றார்கள். ஆளுக்கு எத்தனை கோடி என்று பங்கு பிரித்துக் காட்டிய பத்திரிகைகளும் உண்டு. அடப்பாவிகளா, அவ்வளவு இரும்பும் சந்தைக்கு வந்தால் பேரீச்சம்பழக்காரன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டானே!

இந்தக் கோடீஸ்வரர்களுக்குச் சிறுகோள்மேல் ஏன் இத்தனை காதல்? அங்கே கூலி கேட்க ஆளில்லை. கொடி பிடிக்க ஆளில்லை. நுரையீரலில் தூசி அடைத்துச் சாகவும் ஆளில்லை.

பூமியின் பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. வானத்துப் பிளாட்டினத்துக்கு விளம்பரம் செய்த அதே 2012-ல், நாலு மாதம் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அங்கே மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் கேட்டது மாதம் 12,500 ராண்ட் சம்பளம்.