அந்தோனியார் ஏறின கப்பலே திசை மாறிச்சு

வாடா பேராண்டி, இப்படிக் குந்து. கொழும்புக் கடையில வேலை போனதுலயிருந்து போனும் கையுமாப் படுத்தே கிடக்கியாமே, உங்கம்மா சொல்லிச்சு. அதுலயும் "மாற்றத்தை ஏற்றுக்கொள்வது எப்படி"ன்னு வீடியோ பாக்குறியாம். பாரு, நல்லாப் பாரு. பாயைக்கூடச் சுருட்டாம மாற்றத்தை ஏத்துக்குற வித்தை எங்க காலத்துல கிடையாது.

கலேவெலயில வெங்காயக் கடைக்கு ஆள் கேக்குறாங்கன்னா, "எனக்குச் சிங்களம் சரியா வராது தாத்தா"ங்குற. சரி, எழும்பு. பக்கத்துல வஹகோட்டை வரைக்கும் போய்ட்டு வருவோம்.

அங்க சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு வரப்புல நின்னு சிங்களத்துல சத்தம் போடுற மனுசனைப் பாரு. அவரு முப்பாட்டன் போர்த்துக்கல்லயிருந்து துப்பாக்கியோட வந்த சிப்பாய்ன்னா நம்புவியா? அந்த ஊர்ச் சனம் தங்க வம்சக் கதையை அப்படித்தான் சொல்லுது. கண்டியைப் பிடிக்கிறேன்னு மலையேறின பட்டாளத்தை 1638ல கன்னொறுவையில கண்டி ராசா ராஜசிங்கன் துவைச்சு எடுத்தான். 1656ல கொழும்பை ஒல்லாந்தன் பிடுங்கிக்கிட்டான், ரெண்டு வருசத்துல யாழ்ப்பாணமும் போச்சு. ஒல்லாந்தன் ஆண்ட பக்கம் கத்தோலிக்கருக்குக் கும்பிடக் கோயிலும் இல்ல. கடைசியில எடம் குடுத்தது கண்டி ராசா. எவனைச் சுட வந்தானோ அவன் குடுத்த மண்ணுலயே கஞ்சி காய்ச்சிக் குடிச்சான். நீயா இருந்தா, "துப்பாக்கிதான் என் லைன், மம்முட்டி எனக்குச் சரிவராது"ன்னு பட்டினி கிடந்திருப்ப.

துப்பாக்கி போச்சு, உடுப்பு போச்சு, பேச்சும் போச்சு. அவங்க கும்பிட்ட அந்தோனியார் மட்டும் போகல. இன்னைக்கும் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்கு எங்கெங்கயோ இருந்து சனம் வருது. பேச்சு போனதை நான் மெச்சல, எந்தச் சனத்துக்கும் அது நட்டந்தான். ஆனா உன்னை யாரும் ஒரு பேச்சை விடச் சொல்லலையே. இன்னொண்ணைச் சேத்துக்கத்தானே சொல்றாங்க?

அந்த அந்தோனியார் கதை தெரியுமா? பேருல பதுவை இருந்தாலும் பொறந்தது லிஸ்பன். மொரோக்கோவுக்குப் போய் வேதத்துக்காக உசிரைக் குடுக்கணும்னு கெளம்பினாரு. போன எடத்துல நோய் படுக்க வச்சிருச்சு. திரும்பி வந்த கப்பலைப் புயல் சிசிலியில கொண்டுபோய்த் தள்ளிருச்சு. இத்தாலியில அவரை யாருக்குத் தெரியும்? ஒரு மடத்துல சட்டிபானை கழுவிக்கிட்டு இருந்தாராம். 1222ல ஒருநாள் பிரசங்கம் பண்ண ஆளில்லாம இவரை எழுப்பிவிட்டாங்க. அப்ப ஆரம்பிச்ச பேச்சுத்தான், 1231ல கண்ணை மூடி ஒரு வருசம் முடியிறதுக்குள்ள புனிதராக்கிட்டாங்க. தொலைஞ்ச சாமானைத் தேடித்தர்ற சாமிங்குறாங்களே, அவரே ஒருவாட்டி வழி தொலைஞ்ச ஆளுதாண்டா.

யோசப் வாஸ் ஐயரும் அப்படித்தான். கோவாக்காரரு. 1687ல பிச்சைக்கார வேசத்துல யாழ்ப்பாணம் வந்து தமிழ் படிச்சாரு. 1692ல கண்டிக்கு வந்தா, ஒற்றன்னு பிடிச்சு உள்ள போட்டாங்க. அவரு உள்ள இருந்தே சிங்களம் படிச்சிட்டாரு! உனக்கு ஃபேனும் இருக்கு, பாட்டி ஊத்துற பிளேன்டீயும் இருக்கு, சிங்களம் மட்டும் ஏற மாட்டேங்குது. அவரை 2015ல போப்பாண்டவரே காலிமுகத்திடலுக்கு வந்து புனிதராக்கினாரு.

நீயும் லேசுப்பட்ட வம்சம் இல்ல. மன்னார்ப் பக்கம் எறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்த சனம் நாம. காய்ச்சல்லயும் பேதியிலயும் வழியிலயே விழுந்தவங்களுக்குக் கணக்கில்ல. வந்தது கோப்பி பறிக்க. 1869ல கோப்பி இலையில துரு நோய் கண்டுச்சு, கொஞ்ச வருசத்துல தோட்டமெல்லாம் மொட்டையாச்சு. தொரைமாரு தேயிலைக்கு மாறினாங்க, நம்ம சனம் கொழுந்துக்குக் கை பழகிச்சு.

அதுக்காக எதைச் செஞ்சாலும் தலையாட்டுன்னு சொல்றேன்னு நெனைக்காத. 1948ல நம்ம சனத்தோட குடியுரிமையைப் பறிச்சப்ப, "பழகிக்குவோம்"னு யாரும் வாயைப் பொத்திக்கல. 1952ல சத்தியாக்கிரகம் இருந்தாங்க. மிச்சம் கிடந்தவங்களுக்கும் கிடைக்க 2003ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு. தொழில் மாறலாம், சோறு மாறலாம், பேச்சு ரெண்டு மூணு கூடலாம். உரிமையில மட்டும் எவனையும் கைவைக்க விடாத. நீ என்னடான்னா, விடியக்காலை எழும்புற பழக்கத்தை விட்டுட்டு, கொழும்புச் சம்பளப் பெருமையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருக்க!

நாளைக்கு விடிஞ்சதும் வெங்காயக் கடையில நிக்கிற. "கீயத"ன்னா வெல கேக்குறாங்கன்னு அர்த்தம், இப்போதைக்கு அது போதும். மிச்சத்துக்குத் திருதிருன்னு முழிச்சா முதலாளி சிரிப்பாரு, சிரிச்சிட்டுப் போகட்டும். வீடியோக்காரன் உன் டேட்டாவைத் தின்னுட்டுச் சொல்லிக் குடுக்குறதை, அவரு சம்பளம் குடுத்துச் சொல்லிக் குடுப்பாரு.