காஸ்மாஸுக்குப் பந்தி

வடவள்ளியோ கணபதியோ, கோவையில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் மொட்டை மாடியில் அவர் நிற்பார். மில்லிலோ பம்புசெட் கம்பெனியிலோ காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். காடு தோட்டமெல்லாம் தாத்தாவோடு போயிற்று. வெள்ளாமைக்காரர் கை மட்டும் போகவில்லை. கறுத்து மெலிந்த காஸ்மாஸ் விதையைப் பார்த்ததுமே, “பாவம், சோறு தண்ணி காணாத வெதையாட்ட இருக்குது” என்று உருகிவிடுவார். க்ரோ பேக்கில் தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, வாராவாரம் பஞ்சகவ்யம், நடுநடுவே பசிக்குமே என்று கடலைப்புண்ணாக்குக் கரைசல். ஒரு வாரத்தில் முளைத்த விதை, இரண்டு மாதத்தில் அவர் தோளைத் தொடுகிறது. அடர்ந்த பச்சை, நூல் நூலாக இலை, பேருக்கு ஒரு மொட்டு இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒருநாள் வீசியதும் குப்புற விழுகிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இதைப் பொரியல் பண்ணலாமுங்களா?” என்கிறார்.

இங்கே காஸ்மாஸைக் கெடுப்பது கவனிப்பின்மை அல்ல, உபசாரம் என்பது என் கட்சி. ‘போதுமுங்க’ என்றால் இன்னும் ரெண்டு இட்லி வைக்கிற ஊர்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மெக்சிகோக்காரச் செடி அது. சத்துக் குறைந்த மண்ணிலும் தாராளமாகப் பூக்கும். தழைச்சத்து மிஞ்சினால் தண்டும் தழையுமாகப் பெருத்து, பூப்பதைத் தள்ளிப்போடும். அதற்காக அவரை விவரமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. கொங்கு மண் அவருக்குக் காட்டியதெல்லாம் மஞ்சள், கரும்பு, வாழை. மூன்றும் பெருந்தீனிக்காரப் பயிர்கள். கரும்பில் தண்டே மகசூல், மஞ்சளில் கிழங்கே மகசூல். போட்ட உரம் எடையில் தெரியும். காஸ்மாஸ் எடைக்குப் போகிற சரக்கல்ல.

“கோயமுத்தூர் வெயிலுக்கு இது ஆகாதுங்க” என்பார். பாதி நியாயம்தான்: இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூக்கும் வகைக்குக் குளிர்ந்த மாதங்கள் உகந்தவை. ஆனால் மஞ்சள், ஆரஞ்சு வகை வெயிலில் அசராது. அடுத்த பழி விதைக்கடைக்காரர் மேல் விழும். அதே பாக்கெட்டிலிருந்து சிதறிய ஒரு விதை காம்பவுண்டுச் சுவர் வெடிப்பில் முளைத்து, யாரும் சோறு போடாமலே பூத்துக் குலுங்குவது அந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி. “பையில வெறும் தேங்காய் நாரு, உரமில்லாட்டி செத்துப்போகுமுங்க” என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். நார்க்கழிவில் சத்து சொற்பம். ஆரம்பத்தில் பைக்கு ஒரு கை மட்கிய உரம் தப்பில்லை. இரண்டாவது கையில்தான் வினை. ஓர் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்களுக்குக் காபி கிடையாது.

ஆகவே மாடிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் கால் அங்குல ஆழத்தில் விதையுங்கள்; வேர் பிடிக்கும்வரை தண்ணீர் மட்டும் காட்டுங்கள். பஞ்சகவ்யக் கேனைக் கத்தரிப் பக்கம் திருப்பிவிடுங்கள், அது வேண்டாமென்று சொல்லாது.