பத்து டாலர் கிரைண்டர் பதினைந்தான வரலாறு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிரைண்டர். மாவு அரைப்பது அன்று. இரும்புப் பட்டறையில் பொறி பறக்கத் தேய்க்கிற நாலரை இஞ்சு ஆங்கிள் கிரைண்டர். களம் அமெரிக்கா. கடை, அந்நாட்டில் மலிவு விலை டூல்ஸ் என்றதும் வாயில் முதலில் வருகிற ஹார்பர் ஃபிரெய்ட். கூப்பன் காலத்தில் அந்தக் கிரைண்டரை 9.99 டாலருக்கு வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கராஜ் அலமாரியில் அடுக்கி வைத்தவர்கள் ஏராளம். இன்று அதன் வாரிசு பதினைந்து டாலரை ஒட்டி நிற்கிறது. வித்தியாசம் ஐந்து டாலர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாத தொகை. இதற்காக வளர்ந்த ஆண்கள் கராஜ் நடுவே நின்று 'அந்தக் காலம் போச்சு' என்று பெருமூச்சு விடுவானேன் என்பதே நம் வினா.

மெக்கானிக், வெல்டர், பிளம்பர் முதலிய, கருவியால் பிழைப்பவர்களை இவ்வாய்வு விலக்குகிறது. அவர்களுக்குத் தேவை என்ற ஒன்று இருக்கிறது. அது முடிவுகளைக் கலக்கிவிடும். தேவையே இல்லாமல் டூல்ஸ் வாங்குவோர் மட்டுமே நம் ஆய்வுக்கு உரியர்.

கடை 1977இல் பிறந்தது. கலிஃபோர்னியாவின் வடக்கு ஹாலிவுட்டில் எரிக் ஸ்மிட் என்பவர் தம் தந்தையோடு சேர்ந்து தபால்வழி வியாபாரமாகத் தொடங்கினார். இன்று கிளைகள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். எந்தக் கிளையில் நுழைந்தாலும் புது டயர் ரப்பர் வாடைதான் முதலில் வந்து வரவேற்கும். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் இடத்தைச் சொல்லிவிடலாம். இந்த வாடைக்கு இதுவரை விலையேற்றம் இல்லை.

முன்னோர் கூற்று

இத்துறையில் மூத்த ஆசிரியர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மால்கம் மெக்நேர். 1958இல் அவர் சில்லறை வணிகத்தைச் சுழலும் சக்கரமாக வருணித்தார். புதிய கடைக்காரன் மலிவு விலையோடு சந்தைக்குள் நுழைவான். மேலே இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவனுக்குக் கூட்டம் சேரும். சேர்ந்ததும் விளக்குப் போடுவான், தரையை மெழுகுவான், உயர்ந்த சரக்கு வைப்பான், விலையைக் கூட்டுவான். ஒரு நாள் வாசலில் இன்னொரு மலிவுக்காரன் வந்து நிற்பான். இரண்டு ஆண்டு கழித்து ஸ்டான்லி ஹாலண்டர், 'எல்லாக் கடைக்கும் இது பொருந்தாதே' என்று தடை எழுப்பினார். பேராசிரியர்கள் பிழைக்க வேண்டாமா?

மெக்நேருக்கு முன்பே சக்கரம் சுற்றியதற்குச் சான்று உண்டு. 1879இல் ஃபிராங்க் வுல்வொர்த் திறந்த கடைகளில் எல்லாமே ஐந்து சென்ட், பத்து சென்ட். அரை நூற்றாண்டுக்கு மேல் பத்து சென்ட் என்பது அங்கே வேதவாக்கு. 1932இல் இருபது சென்ட் சரக்கு உள்ளே வந்தது. 1935இல் உச்சவரம்பே போயிற்று. 1997இல் அமெரிக்காவில் கடைசி வுல்வொர்த் கடைகளும் மூடப்பட்டன. அண்மைச் சான்று டாலர் ட்ரீ. பெயரிலேயே விலையை எழுதி வைத்துக்கொண்ட அந்தக் கடை, 2021இல் ஒரு டாலரை 1.25 ஆக்கியது. பெயர்ப் பலகையை மாற்றவில்லை. கால் டாலர் மரக்கிளையில் எங்கோ மறைந்திருக்கிறது போலும்.

ஹார்பர் ஃபிரெய்ட்டிலும் சக்கரம் சுற்றுவது தெரிகிறது. மின்கருவி என்றால் முன்பு டிரில் மாஸ்டர், சிகாகோ எலெக்ட்ரிக் என்ற பெயர்கள். இப்போது அடித்தட்டில் வாரியர், நடுவில் பாயர், மேலே ஹெர்குலிஸ். கைக்கருவியில் பிட்ஸ்பர்க் கீழே, குவின் நடுவே, ஐகான் உச்சியில். ஐகான் ராட்செட்டுக்குப் பக்கத்தில் ஸ்நாப்-ஆன் விலையை எழுதி, 'ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று அட்டை தொங்குகிறது. ஸ்நாப்-ஆன் என்பது 1920இலிருந்து விஸ்கான்சினில் இயங்கும் நிறுவனம். வேன் நிறையக் கருவியோடு பட்டறை வாசலுக்கே வந்து மெக்கானிக்குகளுக்குத் தவணையில் விற்பது. ஆக, முன்பு நம்மவன் மலிவாக விற்றான். இப்போது விலை கூடியதைவிட மலிவாக விற்கிறான். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள நுட்பமான வேறுபாட்டை வாங்குவோரின் பர்ஸ் அறியும்.

வரியும் கப்பலும்

'சக்கரமாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வரியால் வந்தது' என்பாரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கருவிகளில் பெரும்பங்கு சீனத்திலும் தைவானிலும் செய்தவை. 2018 செப்டம்பரில் சீனச் சரக்கின் பெரிய பட்டியல் ஒன்றுக்கு 10 சதவீதக் கூடுதல் வரி. 2019 மே மாதம் அதுவே 25 ஆயிற்று. 2025 ஏப்ரலில் சீனச் சரக்கு மீதான புது வரிகள் மட்டும் கூட்டி 145 சதவீதத்துக்குப் போய், மே மாதம் 30க்கு இறங்கின. அந்த வாரங்களில் கப்பலில் வந்துகொண்டிருந்த கிரைண்டர், எந்தத் தேதியில் கப்பலேறியது, எந்தத் தேதியில் துறைமுகத்தில் இறங்கியது என்பதைப் பொறுத்தே தன் விலையை அறிந்தது. குழந்தை பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் கணிப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல இந்தச் சுங்க சாத்திரம். வேறு நாட்டுக்கு ஓடலாம் என்றால் அங்கும் வரி காத்திருந்தது. ஜலந்தரிலும் லூதியானாவிலும் ஸ்பேனரும் சுத்தியலும் அடித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற பட்டறைகள், 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்ற செய்தியைக் கேட்டு விழித்தன.

கப்பல் கணக்கு இன்னும் சுவையானது. பெருந்தொற்றுக்கு முன் ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நாற்பதடி கன்டெய்னர் ஒன்றுக்கு வாடகை ஏறத்தாழ இரண்டாயிரம் டாலருக்குள் அடங்கும். 2021இல் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. இதனால் கிரைண்டருக்கு என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் பெட்டி சிறியது. ஒரு கன்டெய்னரில் பத்தாயிரம் ஏறும் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு இருபது சென்டாக இருந்த கூலி ஒரு டாலர் ஆகும். அவ்வளவுதான்.

ஆனால் டூல் பாக்ஸைப் பாருங்கள். இழுப்பறைகளும் சக்கரங்களுமாக ஆள் அகலத்துக்கு நிற்கிற அந்தத் தகரப் பீரோ, கன்டெய்னரில் ஐம்பதுதான் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வாடகையில் தலைக்கு நாற்பது டாலர். புது வாடகையில் இருநூறு. ஏன்? உள்ளே காலி. பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்தது பெரும்பாலும் சீனத்துக் காற்று. அதற்கும் வாடகை உண்டு. அந்தக் காற்று இருந்த இடத்தில் பிறகு கருவிகளை நிரப்ப வேண்டுமே என்ற கவலையில்தான் வாங்கியவர் மறுவாரமும் கடைக்கு வருகிறார் என்பது இங்கே இடைக்குறிப்பு.

ஆகவே வரியும் வாடகையும் உண்மை. ஆயினும் நம் வினாவுக்கு விடை அவையல்ல. 2010இன் பத்து டாலர், அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2025இல் பதினைந்தை ஒட்டி வருகிறது. அப்படியென்றால் கிரைண்டர் விலை ஏறவேயில்லை, டாலர்தான் இளைத்திருக்கிறது. விலை ஏறாத ஒன்றுக்கு ஏறியதாகப் புலம்பல் எழுகிறது. இந்த இடத்தில் பொருளியல் கைவிரிக்கிறது. நாம் தொடர்கிறோம்.

கருதுகோள்

எந்தப் பொருளுக்கும் ஒரு விலை உண்டு. அதற்குக் கீழே இருந்தால் 'இது எதுக்கு?' என்ற கேள்வி எழுவதில்லை. அந்த விலையை 'எதுக்கு வரம்பு' எனக் குறிப்போம். வரம்புக்குக் கீழே வாங்குபவர் கடைக்காரரோடு மட்டும் பேசினால் போதும். வரம்பைத் தாண்டினால் தம்மோடு தாமே பேச வேண்டும். குடும்பஸ்தர் என்றால் வேறு சிலரோடும்.

களக்குறிப்பு ஒன்று. இடம், டெக்சஸில் ஒரு கராஜ். கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத் பட்டறை நடத்தி ஓய்ந்த மாமனார், மகள் வீட்டுக்கு வந்தவர், மருமகனின் சேகரிப்பைப் பார்வையிடுகிறார். பைப் ரிஞ்சு ஒன்றை எடுத்து, திருகுமரையைக் கட்டைவிரலால் உருட்டி, தாடையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்க்கிறார்.

"ஆட்டம் இருக்குதுங் மாப்ள. எவ்வளவுங்?"

"எட்டு டாலர் மாமா."

மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றுகிறார். "அட, அந்தக் காசுக்கு இது போதுங்." கீழே வைத்துவிட்டு, ஓரமாக நிற்கிற டிரில்லிங் மிஷினைத் தட்டிப் பார்க்கிறார். "இதுங்?"

"அது நூத்தி இருபது ஆச்சுங்க மாமா."

"ஏனுங், எதுக்குங் இது?"

மருமகனிடம் விடை இல்லை. கவனிக்க: பைப் ரிஞ்சாலும் அந்த வீட்டில் இதுவரை எந்தப் பைப்பும் கழற்றப்படவில்லை. மாமனார் அதைக் கேட்கவேயில்லை. எட்டு டாலர் விலையில் தேவை என்பது ஒரு கேள்வியே அன்று. பட்டறையில் நாற்பதாண்டு நின்ற கைக்கே இந்த வரம்பு இருக்கிறது என்றால் நம் போன்றோரைச் சொல்ல வேண்டாம்.

இதிலிருந்து பெறப்படுவது: கடை விற்றது கிரைண்டரை அன்று. என்றாவது ஒரு சனிக்கிழமை அந்தத் துருப்பிடித்த கேட்டைத் தானே தேய்த்து, தானே வெல்டு வைத்து, தானே பெயின்ட் அடித்து நிற்கப்போகிற ஓர் ஆசாமியை விற்றது. அந்த ஆசாமிக்கு 9.99 சரியான விலை. பதினைந்து டாலர் என்றதும், 'நீ அந்தக் கேட்டைத் தேய்ப்பாயா?' என்று யாரோ உள்ளிருந்து கேட்டுவிடுகிறார்கள். தேய்க்க மாட்டோம் என்பது நமக்குத் தெரியும். புலம்பல் ஐந்து டாலருக்காக அன்று. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்காக.

தடையும் விடையும்

'அப்படியானால் கூப்பனுக்கு இதில் இடம் என்ன?' என வினவுவார்க்கு விடை: பெரிய இடம். பத்திரிகைத் துணுக்கிலும் தபாலிலும் வந்த அந்தத் தாளில், ஏதேனும் ஒரு பொருளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று பெரிய எழுத்திலும், எந்தெந்தப் பொருளுக்குக் கிடையாது என்று பொடி எழுத்திலும் அச்சிட்டிருக்கும். பொடி எழுத்துக்கு உரையாசிரியர் இல்லாமல் பொருள் விளங்காது. இன்னொரு தாளுக்கு மல்டிமீட்டர் இலவசம், என்ன வாங்கினாலும். இலவச மல்டிமீட்டர் வாங்குவதற்காகவே ஏதோ ஒன்றை வாங்கப் போனவர்கள் உண்டு. வீட்டில் நாலைந்து மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு ஒரு பேட்டரியையும் சோதிக்காதவர்கள் உண்டு. கூப்பன் விலையைக் குறைத்ததோடு நிற்கவில்லை. வாங்கியவருக்கு 'கெட்டிக்காரர்' என்ற பட்டத்தையும் கொடுத்தது. கெட்டிக்காரரை யாரும் 'எதுக்கு?' என்று கேட்பதில்லை. எல்லாவற்றுக்குமான அந்த 20 சதவீதக் கூப்பன் அருகிப்போன பிறகு, ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்கிற 'இன்சைட் டிராக் கிளப்' மேலே வந்திருக்கிறது. சந்தா ஏறத்தாழ முப்பது டாலர். தள்ளுபடி பெறும் உரிமைக்கு முன்பணம். இதில் கெட்டிக்காரர் யார் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

அடித்துக் கோடிட்ட விலை பற்றியும் ஒரு சொல். 39.99 என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு, பக்கத்தில் 24.99 என்று எழுதியிருந்தால், அந்த 39.99 எப்போதாவது உயிரோடு இருந்ததா? 'இருந்ததே இல்லை, அது முயற்கொம்பு' என்று வாதிட்டு ஒஹையோவில் வாடிக்கையாளர் தரப்பில் கூட்டு வழக்கே நடந்தது. நிறுவனம் சமரசத் தீர்வுக்கு வந்தது. தருக்க நூலார் நூற்றாண்டுகளாக விவாதித்த இல்பொருள் ஆராய்ச்சி அமெரிக்க நீதிமன்றத்தில் இப்படி முடிந்ததே என்பதில் இவ்வாய்வாளருக்குச் சிறு வருத்தம். சமரசம் செய்யாமல் இருந்திருந்தால் இல்பொருளின் இலக்கணம் ஒரு தீர்ப்பாகவே கிடைத்திருக்கும்.

'விலை ஏறட்டும்; தரம் ஏறியிருக்கிறதே' என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. 2020இல், தூக்கிய காரைத் தாங்கி நிற்கிற, அந்தக் கடையின் பிட்ஸ்பர்க் ஜாக் ஸ்டாண்டுகள் பதினேழு லட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டன. பல்லில் கொக்கி சரியாகப் பிடிக்காமல் பாரத்தோடு இறங்கிவிடும் என்பது குறை. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் கோளாறு கண்டு, அவற்றையும் திரும்ப அழைத்தார்கள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு 'மலிவாகக் கிடைத்தது' என்று நினைப்பது மன அமைதிக்கு உகந்ததன்று. ஜாக் ஸ்டாண்டுக்கும் கிரைண்டரின் வெட்டுச் சக்கரத்துக்கும் மட்டும் 'எதுக்கு வரம்பு' செல்லாது. அங்கே எதுக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

மேலாய்வுக்குரியன

இடம் கருதி இங்கே தொடாமல் விட்டது 10 மி.மீ. சாக்கெட் பிரச்சினை. செட்டில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க, அது ஒன்று மட்டும் காணாமல் போகிறது. ஜப்பானியக் கார்களில் அந்த அளவு போல்ட்டுகள் அதிகம், எடுத்துப் புழங்குவது அதிகம், ஆகவே தொலைவதும் அதிகம் என்பது ஒரு சாரார் கொள்கை. வேண்டுமென்றே எஞ்சினுக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது மறு சாரார். இதுவரை தொலைந்ததைத் தேடுவதைவிடப் புதிது வாங்குவது லாபமாக இருந்தது. எந்த விலையில் மனிதர் வாங்குவதை விட்டுத் தேடத் தொடங்குவார் என்பது கணக்கிடத் தக்கது. அப்படித் தேடும்போது இடுக்கில் விட்டு எடுப்பதற்கென்றே, இழுத்தால் நீளுகிற காந்தக் குச்சி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதன் விலையும் ஏறியிருக்கிறதா என்பதைப் பின்வரும் ஆய்வாளர் ஆராய்ந்து சொல்க.