வாயை மூடும் வைத்தியம்

பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்குகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. வீட்டுக்குள் அது என்றைக்குமே செல்லுபடியானதில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு உடம்புக்குள்ளும் செல்லவில்லை. என்னை மடக்கியது கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை.

நம்மில் பலர் வாயில் அது சும்மா குடியிருக்கிற ஆசாமிதான். வாடகை தராது, தொந்தரவும் தராது. ஆனால் வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசலோன் என்று தினமும் விழுங்குகிறேன். அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் குடியிருந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான். கட்டுப்படாத சர்க்கரை, கீமோதெரபி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இது வரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களையும் விடாது.

நாக்கில் படிந்த வெள்ளையைத் தயிர்சாதம் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை, காபிக்கு முன்னாலும் தயிர்சாதம் அங்கேயே இருந்தது. நாக்கு வழிப்பானால் அழுத்தி வழித்தேன். வெள்ளை உரிந்தது, அடியில் சிவந்து லேசாக ரத்தம் கசிந்தது. அதுதான் இந்த நோயின் அடையாளம் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு என் வீரத்தின் அடையாளமாகத்தான் பட்டது. அடுத்து மாசிக்காயை உரசித் தடவினேன். பேரனின் வாய்ப்புண்ணுக்குக் கேட்டது தாத்தாவுக்குக் கேட்காதா என்பது என் வாதம். பேரன் டாக்ரோலிமஸ் சாப்பிடுவதில்லை என்ற எதிர்வாதம் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மருந்துக்கடை. "தம்பி, வாய்ல பூஞ்சை" என்றதும் ஃபுளுகோனசோல் அட்டை ஒன்று கைக்கு வந்தது. நல்ல மாத்திரைதான்; வெள்ளை குறைந்தது. கூடவே கை நடுங்க ஆரம்பித்தது. என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. டாக்ரோலிமஸைக் கல்லீரல் சிதைக்கிற வேலையை ஃபுளுகோனசோல் தடுத்துவிடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஏறினால் கை நடுங்குவதோடு போகாது, சிறுநீரகமே கெடும்.

பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, "சார், புதுசா என்ன மாத்திரை சேர்த்தீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லையே."

என் மனைவி கைப்பையைத் திறந்து, காலியான அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இத்தனை வருட மேடையில் அப்படியொரு சான்றை எவரும் என் முன்னால் வைத்ததில்லை.

"இதையே நானும் எழுதுவேன் சார். ஆனா டாக்ரோலிமஸைக் குறைச்சு, அளவு பார்த்துப் பார்த்துதான் கொடுப்பேன். முழுங்கும்போது வலிச்சா உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்கலாம். அப்ப மாத்திரை வேணும். உங்களுக்கு இப்ப நிஸ்டாட்டின் போதும்."

நிஸ்டாட்டின் திரவம் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கிட்டத்தட்டப் போவதே இல்லை. ஆகவே மற்ற மருந்துகளோடு அதற்குச் சண்டை கிடையாது. அதே காரணத்தால், பூஞ்சையைத் தொட்டுக்கொண்டிருக்கிற வரைதான் அதற்கு வேலை. 4 முதல் 6 மில்லி, தினம் 4 வேளை, வாய்க்குள் சுழற்றி, முடிந்த மட்டும் வைத்திருந்து விழுங்க வேண்டும். அதாவது, பேசக் கூடாது.

எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்மணிகள் 1950-இல் அறிவித்த மருந்து இது. ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார்கள். 1966-இல் ஃபிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த ஓவியங்களில் பிடித்த பூஞ்சைக்கும் இதைத்தான் போட்டார்கள். ஓவியத்துக்கு ஒரு வசதி, போன் அடித்தால் எடுக்காது. நான் எடுத்தேன். "ஹலோ" சொல்வதற்காக மருந்தை மடக்கென்று விழுங்கினேன்.

வாயை மூடிய வேளைகளிலும் கோட்டை விட்டேன். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் கொப்பளித்த கையோடு நிஸ்டாட்டினை ஊற்றினேன். சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும். நடுவில் அரை மணி நேரமாவது வேண்டும். மருந்து இறங்கிய சூட்டோடு காபியையும் இறக்கினேன். வெள்ளை மறைந்த அன்றே பாட்டிலை மூடினேன். மறைந்த பிறகும் குறைந்தது 2 நாள் தொடர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன். வெள்ளை திரும்பி வந்தது.

"ராத்திரி பல்செட்டைக் கழற்றி வைக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. கழற்றினால் கன்னம் உள்ளே போய்விடும் என்று போட்டுக்கொண்டே தூங்குகிறவன் நான். அந்தத் தகட்டின் அடியில்தான் பூஞ்சை பத்திரமாக வளர்ந்திருக்கிறது. பதிலை மனைவி சொன்னாள்: "அவரு தூங்கும்போதும் மேடையிலதான் இருப்பாரு டாக்டர்."

இப்போது பல்செட்டைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்து, ராத்திரி கிண்ணத்தில் ஊறவைக்கிறேன். மருந்து ஊற்றும்போதும் கழற்றிவிடுகிறேன். போன் மனைவி கையில். அந்த நிமிஷங்களை அவள் வீணாக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் பாக்கியிருந்த வழக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வாதாடினாள். எதிர்த்துப் பேச வழியில்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பூஞ்சை போய்விட்டது. நிஸ்டாட்டினுக்குப் பக்க விளைவு குறைவு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சமையலறையில் வந்து உட்கார்ந்திருக்கும் புது வெட் கிரைண்டர் அவர் கணக்கில் வராது போலிருக்கிறது.