காதாலே கார் ஓட்டுகிறவர்

தாசேக் கெலுகோரில் இவரை அடையாளம் காண்பது சுலபம். உச்சி வெயிலில் ஏர்கோனை நிறுத்திவிட்டு, ரேடியோவையும் அடைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே சாய்த்தபடி இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வழியை மறிப்பது தான்தான் என்பது வேறு விஷயம். இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்த சத்தம் அந்த ஹார்னில் தொலைந்துபோய்விட்டதே, அதுதான் ஆத்திரம்.

சத்தம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ‘டொக்’.

ஊரிலேயே கேடிஎம் நிலையம் இருக்கிறது. கொமுட்டரில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம். இவர் ஏறமாட்டார். ரயிலும் டொக் டொக்கென்றுதான் போகிறது, அதை எந்த ஃபோர்மேனிடம் காட்டுவது?

இவருடைய வாரக்கடைசி பட்டறையில் விடியும். மற்றவர்கள் கோயிலுக்கோ சந்தைக்கோ போகும் நேரத்தில், இன்னும் பாதிக் கதவுகூடத் தூக்காத பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு நிற்பார்.

“தம்பி, முன்பக்கம் இடது டயர்கிட்ட ஒரு சத்தம்.”

“எப்பண்ணே வருது?”

“பள்ளத்துல இறங்குனா வருது. எல்லாப் பள்ளத்துலயும் வராது. பள்ளிக்கூடம் தாண்டி ஒரு பள்ளம் இருக்கு பாரு, அதுல மட்டும்.”

“போன வாரம் அப்ஸோர்பர் பக்கம்னீங்க.”

“அது வேற சத்தம்.”

தம்பி ஏறி உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டாக்டர் தொட்டதும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி, அந்த நேரம் பார்த்துக் கார் வாயே திறக்காது. “நீ ஓட்டுனா பயந்துக்குது” என்பார் இவர், பெருமையும் வருத்தமும் கலந்து. பிறகு புஷ் மாறும். லிங்க் ராட் மாறும். அப்ஸோர்பர் மவுண்டிங் மாறும். ஒவ்வொன்றுக்கும் நூறு வெள்ளி, நூற்றைம்பது வெள்ளி என்று எண்ணிக் கொடுப்பார், முகம் சுளிக்கவே மாட்டார். கடைசியில் ஒருநாள் ஸ்பேர் டயர் எடுக்கப் பின்பக்கப் பூட்டைத் திறந்தபோது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோய், ரதம் வருவதற்குள் கூட்டத்தில் மாட்டி, உடைக்காமலே திரும்பி வந்த தேங்காய் ஒன்று மூலையில் உருண்டு கிடந்தது. முன்பக்கம் இடது டயர் என்று இவர் அடித்துச் சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு காரின் முழு நீளம் தூரம்.

இவ்வளவு கூர்மையான காது வைத்திருப்பவரிடம் ரீகால் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும்.

இவர் காரின் ஸ்டியரிங்குக்குள் இருப்பது தக்காத்தா கம்பெனியின் ஏர்பேக். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களிலிருந்து கழற்றச் சொல்லிய அதே சரக்கு. பையை ஊதவைக்கும் உலோகக் குப்பிக்குள் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அதன் குணம் கெடும். மோதும்போது ஊதவேண்டிய குப்பி வெடித்து, இரும்புத் துண்டுகளை ஓட்டுநர் மேலேயே வீசும். 2014-இல் அமெரிக்காவில் முதலில் கவலைப்பட்டது ஃப்ளோரிடா, ஹவாய் மாதிரி வெயிலும் புழுக்கமும் நிறைந்த இடங்களுக்காக. நமக்கோ பன்னிரண்டு மாதமும் அதே வெயில், அதே புழுக்கம். இவர் காரோ கூரையில்லாத முற்றத்தில் நிற்கிறது.

அதே 2014-இல், ஜூலை மாதம், சரவாக்கின் சிபுவில் 2003-ஆம் வருட ஹோண்டா சிட்டி ஓட்டிப் போன கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஏர்பேக் எடுத்த முதல் உயிர் நம் நாட்டில். 2017-இல் தக்காத்தாவே திவாலாகிவிட்டது.

இதையெல்லாம் தே தாரேக் கடையில் எடுத்துச் சொன்னால் இவர் சிரிப்பார்.

“இலவசமா மாத்திக் கொடுக்கிறானாம்! எவன் தம்பி இலவசமா கொடுப்பான்? ஏர்பேக்னு உள்ள இழுத்துட்டுப் போவான். வெளிய வரும்போது பிரேக் பேட் தேஞ்சிருக்கு, பெல்ட் வெடிச்சிருக்குன்னு நீட்டுவான் ஒரு லிஸ்ட்.”

“பிரேக் பேட் தேஞ்சிருந்தா மாத்தத்தானண்ணே வேணும்?”

“அத நம்ம தம்பிகிட்ட மாத்திக்கிறேன். இன்னொண்ணு கேளு. பதினஞ்சு வருஷ கார். இன்னைக்கு வரைக்கும் அந்த ஏர்பேக் ஒரு சத்தம் போட்டதில்ல!”

அந்தப் பொருள் வாழ்நாளில் ஒரே ஒரு சத்தம்தான் போடும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

இவருடைய மச்சான் வேறு வகை. அவர் காரில் தக்காத்தா இல்லை, அதனால் ரீகாலும் இல்லை. அந்தக் குறை அவரை அரிக்கிறது. “எல்லா கம்பெனியும் கூப்பிடுறான். நம்மள மட்டும் ஏன் கூப்பிடல? எதையோ மறைக்கிறான்.” கூப்பிட்டால் சூது, கூப்பிடாவிட்டால் சதி. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தே தாரேக் ஆறிப்போகும்.

ஆனாலும் இவரை முழுக்கக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் கேட்டதால் மாற்றுக் குப்பிக்குத் தட்டுப்பாடு வந்த காலம் உண்டு. நேரில் போய், காத்திருக்கச் சொல்லி, வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. ஒரு தரம் அப்படித் திரும்பியவர் மறுபடி போக யோசிப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. நம் பக்கம் ஓடுகிற கார்களில் நிறைய, கை மாறி வந்தவை. கடிதம் பழைய முகவரிக்குப் போகும். முதலாமவர் காரை விற்றுப் பல வருஷம் ஆகியிருக்கும். இரண்டாமவர் வீடு மாறியிருப்பார். மூன்றாவது கையாக வாங்கியவருக்கு வந்து சேருவது கார் மட்டும்தான். வந்த கடிதத்தைச் சந்தேகிக்கிறவரைவிட, கடிதமே வராதவர்கள்தான் ஊரில் அதிகம் என்பது என் எண்ணம்.

காகிதம் என்றால் இவருக்கு உயிர் என்பதையும் சொல்லவேண்டும். 2023 முதல் சொந்தக் கார்க்காரர்கள் ரோட் டேக்ஸைக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதில்லை. போனிலேயே காட்டினால் போதும். இவர் இன்னும் காகிதத்தில் வாங்கி, பிசகில்லாமல் ஒட்டி, பழையதை ஃபைலில் கோத்து வைக்கிறார். அதே ஃபைலில்தான் கெரானும் இருக்கிறது. அந்தக் கெரானில்தான் சேஸிஸ் எண்ணும் இருக்கிறது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு அந்த எண்ணை வாசித்தால் போதும், உங்கள் காரை அழைத்தார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கம்பெனியின் இணையத்தளத்திலும் தட்டிப் பார்க்கலாம். கார் எத்தனை கை மாறியிருந்தாலும் ரீகால் காருக்குத்தான், முதலில் வாங்கியவருக்கு அல்ல. ஏர்பேக் மாற்றக் காசும் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருப்பவர்கள் இன்று அந்த ஃபைலை எடுங்கள். பிரேக் பேட் லிஸ்ட் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏர்பேக்கை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள். தேங்காயை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.