‘வந்துட்டேன்’ எந்தக் காலம்? – ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் காலம் எத்தனை என்று கேட்டால் தமிழ்நாட்டு டியூஷன் உலகம் ஒரே குரலில் சொல்லும் விடை பன்னிரண்டு. சார் கரும்பலகையில் மூன்றுக்கு நான்கு என்று கட்டம் போட்டார், பன்னிரண்டு வந்தது. அதற்கு மேல் ஆதாரம் கேட்பது குருத்துரோகம். ஆனால் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம், ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றொரு டென்ஸே கிடையாது என்கிறது. ‘வில்’ வெறும் துணைவினையாம். அப்படியானால் எதிர்கால வரிசையில் நாம் மனப்பாடம் செய்த நான்கு கட்டங்களும் யாருடையவை? இது தீராத சிக்கல். (கோ-வென்ட்-கான் என்று மொட்டைமாடியில் கத்திய நாட்களில் கட்-கட்-கட், புட்-புட்-புட் என்ற வினைகளைத் தந்த புண்ணியவான் யாரோ, அவருக்குக் கோயில் கட்டலாம்.)

தமிழுக்குக் காலம் மூன்றுதான். ஆனால் நாம் அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை மேலாளர் போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஒரு காலில் சாக்ஸ், ஒரு கையில் இட்லி. ‘ஐ ஹேவ் கம், சார்’ என்றேன். ‘வந்துட்டேன்’ என்பதன் நேர் பெயர்ப்பு. பிரசன்ட் பெர்ஃபெக்ட், மூன்றாவது கட்டம், அரை மதிப்பெண்கூடக் குறைக்க முடியாது. அவர் எழுந்து என் மேசைவரை வந்து பார்த்திருக்கிறார். நாற்காலி இருந்தது. மாலையில் மெமோ வந்தது.

பவணந்தி முனிவர் மேலாளராக இருந்திருந்தால் மெமோ வந்திருக்காது. விரைவு கருதினால் காலம் பிறழலாம் என்று நன்னூலில் அவர் இடம் கொடுத்திருக்கிறார். தொல்காப்பியமும் அப்படியே. உரைகாரர்கள் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள்: ஒருவன் இன்னும் சாப்பிடவே இல்லை, அவசரமாகப் போகவேண்டியவன் வந்து கேட்கிறான், உடனே இவன் சாப்பிட்டேன், வந்துவிட்டேன் என்கிறான். என் இட்லிக்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைக்காது.

அடுத்து டிகிரி ஆஃப் கம்பேரிசன். இரும்பைப்போல் பயனுள்ள உலோகம் வேறில்லை என்பதை மூன்று விதமாக மாற்றி எழுதியே ஒரு தலைமுறை தேர்வு தாண்டியது. நகைக்கடை வாசலில் நின்று இதைச் சொல்லிப் பார்க்க இதுவரை எவருக்கும் துணிவு வரவில்லை. தமிழில் ‘பெரிய’ என்ற சொல் யாருக்காகவும் ‘பெரியர், பெரியஸ்ட்’ என்று வளையாது. பாரமெல்லாம் விட, காட்டிலும், பார்க்கிலும் ஆகியவற்றின் தலையில். விடு, காட்டு, பார் என்ற வினைகளிலிருந்து வந்தவை இவை. ஒருத்தரை விட்டால்தான் நமக்கு இன்னொருத்தர் பெரியவர்.

இதையும் தாண்டி, எந்தப் பாடநூலும் தொடாத ஒரு டிகிரி நம் வீடுகளில் இருக்கிறது. ‘நேத்து சாம்பாருக்கு இன்னிக்கு சாம்பார் தேவலை.’ இதை ‘பெட்டர்’ என்று பெயர்த்தால் சமைத்தவர் மகிழ்ந்துபோவார். மூலத்தில் அப்படியொரு பாராட்டே கிடையாது. நேற்றையது மோசம், இன்றையது அவ்வளவு மோசமில்லை, அவ்வளவுதான். இரண்டு சாம்பாரையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்க்கும் வசதி ஆங்கில அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ‘மோர் பெட்டர்’ என்று எழுதியதற்காக என் வகுப்பில் பலருக்குச் சிவப்பு வட்டம் விழுந்தது. அந்தச் சாம்பாருக்கு மோர் பெட்டர் என்ற பொருளில் எழுதியிருந்தால் அது பிழையே அல்ல என்று இவ்வாய்வு கருதுகிறது. மறுமதிப்பீடு கோரும் காலம் கடந்துவிட்டது.

இந்தக் கட்டுரை எங்கே என்று ஆசிரியர் போன வாரம் போனில் கேட்டார். ‘அனுப்பிட்டேன்’ என்றேன். அப்போது தலைப்பு மட்டும்தான் எழுதியிருந்தேன்.