சோளகத்துச் சம்மாட்டி

உடப்புக் கரையில் வலை ஏறியிருக்கும். மடியில் நெத்தலி துள்ளும். பக்கத்தில் நிற்கும் வலைச் சொந்தக்காரர், கரைவலைச் சம்மாட்டியிடம் எவ்வளவு பட்டது என்று கேட்டால், "எங்க தம்பி, ஏதோ கறிக்குப் பட்டிச்சு" என்பார். தொகையைச் சொன்னால் கண்ணூறு. மறுநாள் வலை வெறுமையாக வந்தால் நஷ்டத்தைச் சதம் விடாமல் ஒப்பிப்பார். நஷ்டத்துக்கு யார் கண் வைக்கப்போகிறார்கள்?

இப்படி ஊருக்கு ஒளித்து ஒளித்து, கடைசியில் அந்தக் கணக்கு அவருக்கே தெரியாமல் போய்விட்டது. அறிந்தவர் மீன் முதலாளி ஒருவர்தான். முற்பணம் கொடுத்தவர் அவர், கணக்குக் கொப்பியும் அவரிடம். முற்பணம் வாங்கியவர் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும். இதைக் கடன் என்று சொன்னால் சம்மாட்டிக்குக் கோபம் வரும். "முதலாளிக்கு என்னில ஒரு நம்பிக்கை" என்பார்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் மேற்குக் கடலில் கரைவலை ஓய்ந்துவிடும். உடப்பார் பலர் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி போடுவார்கள். வீட்டுக்காரியின் சங்கிலியும் அதே காலத்தில்தான் ஊரைவிட்டுப் புறப்படும், அடகுக்கடைக்கு.

"வீட்டில வச்சாக் கள்ளன் பயம். அங்க பத்திரமா இருக்கு. வட்டி என்கிறது காவல்காரன்ட சம்பளம்."

"சங்கிலியை வித்துத்தான் காவல்காரனுக்குச் சம்பளம் குடுக்கப்போறீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

2022இல் ரூபாய் சரிந்து பவுன் விலை எகிறியபோது, அதே சங்கிலிக்கு மேலும் பணம் கிடைத்தது. கடனும் வட்டியும் கூடியதைத்தான் அந்த ஆண்டின் நல்ல வருமானம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதி. மனைவி வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போனால் சம்மாட்டிக்கு என்ன மரியாதை? இன்னொரு முற்பணம் எடுத்துச் சங்கிலியை மீட்பார். கோயிலுக்குக் கேட்டதைவிடக் கூடக் கொடுப்பார். திரும்பும் வழியில் பிளேன்டீக்கு 10 ரூபாய் கூட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு அரைமணி நேரம் சண்டை. அடுத்த கிழமை சங்கிலி பழைய இடத்துக்கே போய்விடும்.

கஞ்சன் என்றால் பொய். ஊதாரி என்றாலும் பொருந்தாது. அஞ்சாமல் கடலில் தோணி இறக்கும் மனிதருக்குக் கூட்டல் கணக்கு என்றால் நெஞ்சு படபடக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரிக்கு அந்தப் பயம் இல்லை. அவர் சத்தமில்லாமல் மாதச் சீட்டுக் கட்டிவருகிறார்.

சம்மாட்டிமாரே, முதலாளியிடம் இருப்பதுபோல் வீட்டிலும் ஒரு கொப்பி போடுங்கள். எழுதுகிற வேலையை மட்டும் மனைவியிடம் விட்டுவிடுங்கள்.